தாம்பரம் லோக்கலில் அரை மணி, குரோம்பேட்டையில் மூன்று நாள்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தவருக்குக் கிண்டி வரை ஏறக்குறைய அரை மணி நேரம் கையில் இருக்கிறது. கடற்கரை வரை போகிறவருக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். 1931-இல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல் தென்சென்னைப் புறநகர்க்காரர்களின் பொழுதை இந்த வண்டிதான் கூறு போடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கோ பள்ளி வேன், தண்ணீர் லாரி, மாதத்தில் ஒரு நாள் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை பராமரிப்பு மின்தடை என்று வேறு கணக்கு. முழுசாக ஒரு காலைப்பொழுது தன் வசத்தில் இருப்பது இங்கே பலருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வாய்ப்பதில்லை.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் முடிச்சூர் இளைஞர், மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பட்டம் படிக்கும் பெண், பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனத்துக்குச் சேலையூர் வீட்டிலிருந்தபடியே கோடிங் செய்யும் பொறியாளர், பிளஸ் டூ மாணவி என எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: ஒரு தடவை உட்கார்ந்தால் எத்தனை நிமிடம் உட்கார வேண்டும்? யூடியூபைத் திறந்தால் 25 நிமிடம் என்கிறார் ஒருவர், 90 நிமிடம் என்கிறார் இன்னொருவர். தினம் 14 மணி நேரம் படித்ததாக ஒருவர் சொல்ல, கேட்கிற பிள்ளைக்கு அன்று இரவே மனசு விட்டுப்போகிறது. இது பற்றி நடந்த ஆய்வுகளையும் இந்த வட்டாரத்தின் நடப்பையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, எல்லா வேலைக்கும் பொருந்துகிற நிமிடக் கணக்கு ஒன்று கிடையாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அரை மணிக்கு ஏற்ற வேலை வேறு, மூன்று மணிக்கு ஏற்ற வேலை வேறு. இரண்டையும் மாற்றி வைத்துக்கொள்வதில்தான் நம் நேரம் பாழாகிறது.

25 நிமிடக் கணக்கைக் கொண்டுவந்தவர் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர். 1980களின் பிற்பகுதியில், கல்லூரி மாணவராகப் படிப்பில் மனம் பதியாமல் திண்டாடியபோது, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரை முடுக்கி மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் சற்று நீண்ட ஓய்வு. போமோடோரோ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய முறை இதுதான். நம் பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு சாமம் மூன்று மணி நேரம். சிறியதும் பெரியதுமாக இரண்டு அளவையும் கையில் வைத்திருந்தது அந்தக் கணக்கு.

குறுகிய அமர்வுக்கான ஆய்வு ஆதாரம் சிரில்லோவுக்கு வெகு முன்பே கிடைத்துவிட்டது. ராடார் திரையைக் கண்காணிக்கும் விமானப்படை வீரர்கள் நேரம் ஆக ஆக ஏன் கோட்டை விடுகிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், கடிகார முள் போன்ற ஒன்றை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஆட்களை உட்கார வைத்தார். முள் எப்போதாவது வழக்கத்தைவிட அதிகமாகத் தாவும். அதைக் கண்டு சொல்ல வேண்டும். 1948-இல் அவர் வெளியிட்ட முடிவுப்படி, முதல் அரை மணிக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் தெளிவாகச் சரிந்தது. பிற்பாடு, 2011-இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அட்சுனோரி அரிகாவும் அலெஹாண்ட்ரோ யேராஸும் 50 நிமிட வேலை ஒன்றைக் கொடுத்துச் சோதித்தார்கள். இடையில் இரண்டு முறை மட்டும் கொஞ்சம் வேறு பக்கம் திரும்ப வாய்ப்புப் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. ஆக, ஒரே மாதிரி வரிசையாக வரும் வேலைக்குச் சின்ன இடைவெளி மருந்துபோல வேலை செய்கிறது. டேட்டா என்ட்ரி, பிழை திருத்தம், கணக்கு சரிபார்ப்பு, நூறு கொள்குறி வினாக்களைத் தொடர்ந்து போடுவது எல்லாம் இந்த வகைதான்.

படிக்கிறவர்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும் நடத்திய சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஒரே நாளில் மொத்தமாகப் படிப்பதைவிட நாள்விட்டு நாள் பிரித்துப் படிப்பது நிற்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன் நினைவையே சோதனைக்கு வைத்துக் காட்டினார். இந்த இரண்டுக்கும் அரை மணி நேரம் தாராளம். மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மடியில் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம், பாடத்தின் கடைசிப் பக்கத்துப் பயிற்சி வினாக்கள். உள்ளங்கையால் விடைப் பக்கத்தை மறைத்துக்கொண்டு உதட்டுக்குள் விடை சொல்லி, கையை எடுத்துப் பார்த்து, தப்பான எண்ணைப் பென்சிலால் சுழித்துவிட்டு, பல்லாவரம் தாண்டுவதற்குள் அடுத்த பாடத்துக்குப் போகிறாள் ஒரு பெண். அவள் புதிதாக எதையும் படிக்கவில்லை. நேற்று இரவு படித்தது நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள். கூட்டமான வண்டியில் செய்ய அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அதே வண்டியில் புது அத்தியாயத்தைத் தொடங்குகிறவர் மூன்றாவது பக்கத்தில் நின்றுவிடுவார், திரிசூலத்தில் ஏறும் கூட்டம் அவரை எழுப்பிவிடும்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக் குறுகிய அளவு தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விக்கு 60 நிமிடம், அதுவும் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக முடியாது. 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு 35 கணக்குப் போட்டுப் பழகுகிறவருக்கு அந்த அமர்வே ஒத்திகை ஆகிவிடுகிறது.

புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், அல்லது எழுத வேண்டும் என்றால் நாழிகைக் கணக்கு போதாது. அலைபேசிச் செயலி ஒன்றின் நிரலில் எங்கோ பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கோப்பு எதை அழைக்கிறது, நேற்று எதை மாற்றினோம் என்பதையெல்லாம் மனதில் ஏற்றுவதற்கே பொறியாளருக்குக் கால் மணி நேரம் போகும். ஏற்றி முடித்ததும் டைமர் அடித்தால் அந்தக் கால் மணி நேரம் வீண். சிக்கலான வேதிச் சமன்பாடு, தணிக்கைப் பாடத்தில் ஒரு புதுத் தரநிலை, ஒரு கட்டுரையின் முதல் வரைவு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை விடாமல் உட்கார வேண்டிய வேலைகள் இவை.

ஒன்றரை மணி என்பதற்கு நத்தேனியல் கிளைட்மன் பெயரைச் சொல்வது வழக்கம். தூக்கத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுழற்சி உண்டு. விழித்திருக்கும்போதும் அதே சுழற்சி ஓடுகிறது என்று அவர் கருதினார். தூக்கத்தைப் பற்றிய பகுதி நிலைத்துவிட்டது, விழிப்பைப் பற்றிய பகுதிக்கு அந்த அளவு உறுதியான ஆதாரம் சேரவில்லை. ஆகவே 90 நிமிடத்தை உடம்பின் சட்டம்போலச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அதைவிட நம்பத் தகுந்தது ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர் தோழர்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993-இல் வெளியிட்ட ஆய்வு. மிகச் சிறந்த மாணவர்கள் ஒன்றரை மணிக்கு மிகாத அமர்வுகளாகப் பிரித்துப் பயிற்சி செய்தார்கள். அவர்களின் தனிப் பயிற்சி நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்குள்தான் இருந்தது. பகலில் ஒரு தூக்கமும் போட்டார்கள். 14 மணி நேரப் பேச்சைக் கேட்டு மனசு விட்டுப்போன பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டும். உயிரைக் கொடுத்துக் கவனிக்கும் நேரம் நாளில் நான்கு மணிதான் என்றால், இரண்டு ஒன்றரை மணி அமர்வுகளும் வழியில் இரண்டு அரை மணிகளும் கிடைத்தவருக்கு அன்றைய நாள் நிறைவான நாள்.

இந்த நடுத்தர அமர்வைக் கெடுப்பது நேரப் பற்றாக்குறையைவிடக் குறுக்கீடுதான். இன்டர்காமில் செக்யூரிட்டி "மேடம், கொரியர் வந்திருக்கு" என்று அழைப்பார். எடுத்துப் பேச அரை நிமிடம்தான். ஆனால் மனம் உடனே திரும்பி வருவதில்லை. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை சோஃபி லெராய் 2009-இல் சோதித்துக் காட்டினார். திரையில் ஒரே இடத்தில் கவனம் நிற்கும் நேரத்தைப் பல ஆண்டுகள் அளந்த குளோரியா மார்க், 2004-இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது பின்னர் 47 விநாடியாகச் சுருங்கிவிட்டது என்கிறார். நம்மை நாமே குறுக்கிட்டுக்கொள்வதும் இதில் அடக்கம். வீட்டில் யாருக்கு எப்போது கதவைத் திறக்கும் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது எந்தச் செயலியையும்விட அதிகம் உதவும். இந்தப் பேச்சு பெரும்பாலான வீடுகளில் பெண்கள் விஷயத்தில் நடப்பதே இல்லை. தேர்வுக்குப் படிக்கும் மருமகளின் ஒன்றரை மணி நேரத்தை வீடு காப்பாற்றிக் கொடுப்பது அரிது. கணவர் லேப்டாப்பைத் திறந்தால் வீடே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது.

எழுந்திருக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடிக்காமல் விட்ட வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் எப்போது எப்படி அதை முடிப்போம் என்று திட்டமாக எழுதிவிட்டால் அந்த அரிப்பு நின்றுவிடுகிறது. அமர்வின் கடைசி இரண்டு நிமிடத்தில் ரஃப் நோட்டில் ஒரே ஒரு வரி போதும்: "நாளை: 14-ஆவது கணக்கு, இரண்டாவது படியில் குறி தப்பு." மறுநாள் உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. நேரம் சிதறிக் கிடப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் எனக்குத் தெரியாது. மின்தடை சொல்லாமல் வந்தாலும் அந்த வரி நோட்டில் இருக்கும்.

நீண்ட அமர்வு என்றதும் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் நினைவு வரும் கதை ஒன்று உண்டு. தொழிலதிபர் சி. ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் (எம்ஐடி), 1950களில், அப்துல் கலாமும் நான்கு மாணவர்களும் சேர்ந்து தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. பேராசிரியர் ஸ்ரீனிவாசன் வந்து பார்த்தார், திருப்தி இல்லை. ஒரு மாதம் கேட்டார் கலாம். அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார் பேராசிரியர். உதவித்தொகைதான் அந்த மாணவருக்கு உயிர்நாடி. இரவுச் சாப்பாட்டைத் துறந்து வரைபலகையில் உட்கார்ந்தார். மறுநாள் காலை குளிக்கவும் சாப்பிடவும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தார். ஞாயிறு காலை வேலை முடியும் தறுவாயில், டென்னிஸ் உடையோடு நேராக வந்து நின்ற பேராசிரியர், தட்டிக்கொடுத்துக் கட்டியணைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் 1999-இல் வந்த தன்வரலாறான 'அக்னிச் சிறகுக'ளில் இதைக் கலாமே சொல்லியிருக்கிறார்.

கோச்சிங் சென்டர்களில் இந்தக் கதை ராத்திரி பகலாகப் படிப்பதற்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது அப்படிப் படவில்லை. வகுப்புப் பாடங்களை முடித்த பின்பு எடுத்த திட்டம் அது. தேவையான அறிவு அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே மாணவரிடம் இருந்தது. மூன்று நாளில் அவர் புதிதாக எதையும் கற்கவில்லை, கற்றதையெல்லாம் ஒரு தாளில் ஒன்றுகூட்டினார். திங்கள் காலை கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வரைபடம் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. வரைபலகைக்கும் அவருக்கும் நடுவில் யாரும் வரவில்லை. இந்த நிலைமைகள் கூடிவரும்போது மூன்று நாள் அமர்வு பலன் தரும். புத்தகத்தையே திறக்காமல் இருந்துவிட்டுத் தேர்வுக்கு முந்தைய மூன்று நாளில் எல்லாவற்றையும் படித்துவிட நினைப்பவருக்கு இந்தக் கதை எந்த விதத்திலும் துணைக்கு வராது.

அதே எம்ஐடியில் படித்த இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் முழுநேரப் பொறியாளராக இருந்துகொண்டே வார இதழ்களுக்குத் தொடர்கதைகள் எழுதினார். தொடர்கதை வாரா வாரம் வந்தே தீர வேண்டும், அலுவலகமும் காத்திருக்காது. பெரிய நாவலை ஒரு வாரத்துக்கான சில பக்கங்களாகப் பிரித்துக் கேட்டது பத்திரிகையின் முறை. அந்தச் சில பக்கங்களைத் தவறாமல் எழுதியதில் ஒரு அலமாரி நூல்கள் சேர்ந்தன. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு மூன்று நாள் கதையைவிட இந்த வாரக் கணக்குதான் நெருக்கமானது.

நீண்ட அமர்வு கட்டாயம் வேண்டிய ஒரு இடம் தேர்வு ஒத்திகை. குரூப் 4-இல் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 54 விநாடி. இரண்டாவது மணி நேரம் முடியும்போது கழுத்து வலிக்கும், கண் எரியும், தெரிந்த விடையையும் மாற்றி நிரப்பத் தோன்றும். 25 நிமிடச் சுற்றுகளில் மட்டும் படித்தவர் இந்த மூன்றாவது மணி நேரத்தைச் சந்தித்தே இருக்கமாட்டார். தேர்வுக்கு முந்தைய வாரங்களில், தேர்வு நடக்கும் அதே காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து, ஓஎம்ஆர் விடைத்தாளைக் கறுப்பு பேனாவால் நிரப்பி, பன்னிரண்டரைக்கு எழுந்திருந்து பழக வேண்டும். தப்பான விடைகள் எந்த மணி நேரத்தில் கூடியிருக்கின்றன என்று பார்த்தால், குறை பாடத்திலா, தாங்கும் திறனிலா என்பது தெரிந்துவிடும்.

தாங்கும் திறனைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்பதற்கு அண்மையில் நல்ல விடை கிடைத்திருக்கிறது. கிறிஸ்டினா பிரவுன், சுப்ரீத் கவுர், கீதா கிங்டன், ஹெதர் ஸ்கோஃபீல்ட் ஆகியோர் இந்தியாவில் சுமார் 1,600 தொடக்கப் பள்ளி மாணவர்களிடம் ஆய்வு செய்தார்கள். தேர்வு நீள நீளப் பிள்ளைகளின் மதிப்பெண் சரிவது எங்கும் உள்ளதுதான். ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு கூடுதல். ஒரு சாராருக்கு இடைவிடாமல் உட்கார்ந்து கணக்குப் போடும் பயிற்சியும், இன்னொரு சாராருக்குப் பாடத்தோடு சம்பந்தமில்லாத, மூளைக்கு வேலை தரும் விளையாட்டுகளும் கொடுத்தார்கள். இரு சாராருக்கும் சரிவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஒரு இடத்தில் நீண்ட நேரம் உட்கார்ந்து யோசிக்கும் வழக்கத்தை எந்தப் பள்ளி கொடுக்கிறது, எந்த வீடு கொடுக்கிறது என்பதில் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. "உனக்கு அக்கறை இல்லை" என்று ஒரு பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஓய்வு விஷயத்தில் சென்னையிலேயே நடந்த ஆய்வு ஒன்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகியோர் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர்கள் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கத்தையும் கொசுவையும் தெருச் சத்தத்தையும் அறிந்த நமக்கு அது ஆச்சரியமில்லை. இரவுத் தூக்கத்தை அரை மணி அளவு கூட்டியும் வேலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. ஆனால் வேலையிடத்திலேயே பிற்பகலில் அரை மணி நேரம் படுக்க அமைதியான இடம் கொடுத்தபோது, உற்பத்தித் திறன் கூடியது, மனநிலையும் மேம்பட்டது. சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடத் தூங்கியவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். அந்த அரை மணியும் வேலையே பார்த்தவர்களின் மொத்த வருமானம் அதைவிடக் கூடுதல்தான் என்பதையும் ஆய்வு மறைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மண்டையில் ஏறுகிறது என்பது முக்கியமான மாணவர்களுக்கு, மே மாதத்துப் பிற்பகலில் மாடி அறையில் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இருபது நிமிடம் கண்ணை மூடுவது லாபம். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கு இன்னொரு தகவல்: 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று டாசனும் ரீடும் 1997-இல் கண்டார்கள். காலை ஆறுக்கு எழுந்தவருக்கு இரவு பதினோரு மணி என்பது அந்தக் கட்டம். கடினமான பிழையை அப்போது தேடக் கூடாது.

இடைவேளையில் போனைத் திறப்பது ஓய்வு ஆகாது. மார்க் பெர்மனும் சகாக்களும் 2008-இல் காட்டியபடி, மரங்களுக்கிடையே நடந்து வந்தவர்களின் கவனம், நெரிசலான தெருவில் நடந்தவர்களைவிடத் தெளிவாக மீண்டது. 1937-இல் தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் பரந்த புதர்க்காடு அங்கே படிப்பவர்களுக்குக் கிடைத்த கொடை. மற்றவர்களுக்குச் சிட்லபாக்கம் ஏரிக்கரை இருக்கிறது.

மீதி இருப்பது இடம். ஒற்றை அறை வீட்டில் தம்பி டிவி பார்க்க, பாட்டி படுத்திருக்க, ஒன்றரை மணி அமர்வை எங்கே தேடுவது? 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. தாம்பரத்திலிருந்து போய்வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவாகும். வடசென்னையின் கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் மாணவர்களுக்குப் படிக்கும் இடமும், தனியாகத் தொழில் செய்வோருக்கு வாடகை மேசையும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். ரயில் நிலையங்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், முதல் வண்டியில் வருகிறவருக்கும் கடைசி ஷிப்ட் முடித்தவருக்கும் திறந்திருக்கிற, மின்தடையில் அணையாத விளக்கும் பெண்கள் தயங்காமல் வரும்படியான வாசலும் உள்ள படிப்பறைகள் இங்கே வேண்டும். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஊருக்கு ஒன்று என்று தொடங்கினால்கூடப் போதும். வார்டு கூட்டங்களில் நாம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கைகளில் அது ஒன்று.